பூஞ்சையின் கொழுப்பு – ஒரு மயிரிழை வித்தியாசத்தின் வரலாறு

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கிறது கண்டமங்கலம். சுற்றிலும் நெல், கரும்பு, மல்லாட்டை, சவுக்கு. கரும்பு வெட்டும்போது சோகை கண்ணில் கிழிப்பதும், நெல் தூற்றும்போது சுணை கண்ணில் விழுவதும் இந்தப் பக்கத்தில் புதிய சங்கதி அல்ல. முதல் நாள் கண் உறுத்தும். மறுநாள் சிவக்கும். சிலர் தாய்ப்பால் விடுவார்கள், சிலர் இலைச்சாறு விடுவார்கள், சிலர் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஏதாவது ஒரு சொட்டு மருந்து வாங்கி விடுவார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி நிற்கும். கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று ஊரில் சொல்வார்கள்.

அந்தப் பூ பல நேரம் நிஜமாகவே ஓர் உயிர்! மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994 இல் கருவிழிப் புண்ணோடு வந்தவர்களைச் சோதித்துப் பார்த்தார்கள். கிருமி வளர்ந்து தெரிந்த நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் புண்ணை உண்டாக்கியது பாக்டீரியா அல்ல, பூஞ்சை. அதிலும் முதலிடம் ஃபியூசேரியம் என்ற பூஞ்சைக்கு. வயலில் செடிகளை வாட வைக்கிற அதே இனம். மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருகிறது என்று இன்னொரு கணக்கு சொன்னது. இது அமெரிக்காவில் இருந்ததைப் போலப் பத்து மடங்கு.

இதற்குக் கொடுக்கப்படும் மருந்து நாட்டாமைசின். (பெயரைப் பார்த்து நம்மூர் நாட்டாமை கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் நட்டால் மாகாணத்து மண்ணில் 1955 இல் கிடைத்ததால் வந்த பெயர்.) பால் போல வெள்ளையாக இருக்கும், குலுக்கித்தான் விட வேண்டும், ஆரம்பத்தில் மணிக்கு ஒரு சொட்டு. இந்த மருந்து கண்ணின் செல்லை விட்டுவிட்டுப் பூஞ்சையின் செல்லை மட்டும் பிடிக்கிறது. இரண்டையும் அது எப்படிப் பிரித்துப் பார்க்கிறது? விடை கொழுப்பில் இருக்கிறது.

எந்தச் செல்லுக்கும் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. சவ்வு என்றால் பெரும்பாலும் கொழுப்புதான். பூஞ்சையின் சவ்வில் இருக்கும் பாஸ்போலிப்பிடுகள் அநேகமாக நம் உடம்பில் இருக்கும் அதே வகைகள்தான். சேமிப்புக் கொழுப்பும் நம்முடையதைப் போன்ற ட்ரைகிளிசரைடுதான். சில ஈஸ்டுகள் இதில் பெரிய முதலாளிகள். தம் உலர் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பாகச் சேர்த்து வைக்கும். முதல் உலகப் போரில் கொழுப்புக்குப் பஞ்சம் வந்தபோது ஜெர்மனியில் பால் லிண்ட்னர் என்பவர் இப்படிப்பட்ட ஒரு பூஞ்சையை வளர்த்துக் கொழுப்பு எடுக்கவே முயன்றார். ஆனால் ஒரே ஓர் இடத்தில் மட்டும் பூஞ்சை நம்மிடமிருந்து விலகிப் போகிறது. சவ்வுக்கு உறுதி தர நம் செல் வைத்திருப்பது கொலஸ்ட்ரால். பூஞ்சை வைத்திருப்பது எர்கோஸ்டிரால்.

இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. நான்கு வளையங்கள், ஒரு வால். கொலஸ்ட்ராலில் 27 கார்பன், 46 ஹைட்ரஜன். எர்கோஸ்டிராலில் 28 கார்பன், 44 ஹைட்ரஜன். அதாவது தம்பிக்கு ஒரு மீதைல் கொத்து அதிகம், இரண்டு இரட்டைப் பிணைப்புகள் அதிகம். அவ்வளவுதான். இந்தச் சின்ன வித்தியாசத்தின் மேல்தான் பூஞ்சை நோய்க்கான மருத்துவத்தில் பெரும்பகுதி உட்கார்ந்திருக்கிறது.

எர்கோஸ்டிரால் என்ற பெயரே ஒரு பயிர் நோயிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் ரை என்ற தானியத்தின் கதிரில் மணிக்குப் பதிலாகக் கருப்பாக, சேவலின் காலில் இருக்கும் முள் போல ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கும். பிரெஞ்சு மொழியில் அந்த முள்ளின் பெயர் எர்கோ. தானியத்தோடு அதையும் அரைத்துச் சாப்பிட்டவர்களுக்குக் கைகால் எரிந்து, கருகி, விழுந்தது. இடைக்கால ஐரோப்பாவில் கூட்டம் கூட்டமாக மக்கள் இதனால் செத்தார்கள். 1889 இல் சார்லஸ் டான்ரே என்ற பிரெஞ்சு மருந்தியலாளர் இந்தக் கருப்பு முள்ளிலிருந்து ஒரு படிகத்தைப் பிரித்து எடுத்தார். அதுதான் எர்கோஸ்டிரால். பூஞ்சை உலகம் முழுவதற்கும் பொதுவான சரக்கு அது என்று அப்போது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

அந்தப் பூஞ்சையின் பங்காளி ஒன்று நம்மூர்க் கம்பங்கொல்லையிலும் உண்டு. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் கம்பு போட்டவர்களுக்குத் தேன் ஒழுகல் நோய் என்றால் தெரியும். கதிரிலிருந்து பிசுபிசுவென்று தேன் போல வடியும், பிறகு மணி இருக்க வேண்டிய இடத்தில் கருப்பு முடிச்சு வரும். 1975 இல் ராஜஸ்தானில் இந்தக் கம்பைச் சாப்பிட்ட கிராம மக்களுக்கு வாந்தியும் தலைசுற்றலும் தூக்க மயக்கமும் வந்ததை ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் பதிவு செய்திருக்கிறார்கள். இதற்கு வேளாண் துறை சொல்லும் வழி ரொம்ப எளிது. 10 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ உப்பைக் கரைத்து விதையைக் கொட்ட வேண்டும். நல்ல விதை அடியில் போய்விடும், பூஞ்சை முடிச்சு மேலே மிதக்கும். மிதப்பதை வழித்து எறிந்துவிட்டு, விதையை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி விதைக்கலாம்.

டான்ரேவுக்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் இந்தக் கொழுப்பை யாரும் மருந்தோடு சேர்த்துப் பேசவில்லை. 1920களில் அதற்கு வேறு ஒரு மவுசு வந்தது. குழந்தைகளின் எலும்பு வளைகிற ரிக்கெட்ஸ் நோய்க்கு வெயில் நல்லது என்று தெரிந்திருந்தது, ஏன் என்று தெரியவில்லை. எர்கோஸ்டிராலின் மேல் புற ஊதாக் கதிர் பட்டால் அது வைட்டமின் டி ஆக மாறுகிறது என்று 1927 வாக்கில் கோட்டிங்கனில் அடால்ஃப் விண்டாஸும், லண்டனிலும் நியூயார்க்கிலும் வேறு சிலரும் கண்டுபிடித்தார்கள். 1928 இல் விண்டாஸுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. காளானை வெயிலில் காட்டினால் வைட்டமின் டி கூடும் என்று இப்போது பத்திரிகையில் வருகிறதே, அதன் வேர் இதுதான். ஆக, பூஞ்சையின் கொழுப்பு முதலில் மனிதனுக்கு உணவாகத்தான் உதவியது. அது பூஞ்சையைக் கொல்ல உதவும் என்பது அப்புறம் வந்த கதை.

பெனிசிலின் வந்த பிறகு பாக்டீரியா நோய்கள் அடங்கின. ஆனால் பாக்டீரியா காலி செய்த இடத்தில் பூஞ்சை வந்து உட்கார்ந்தது. அதற்கு மருந்து இல்லை. நியூயார்க் மாநில சுகாதாரத் துறையில் வேலை பார்த்த இரண்டு பெண்கள் இதில் இறங்கினார்கள். எலிசபெத் ஹேஸன் இருந்தது நியூயார்க் நகரத்தில், ரேச்சல் பிரவுன் இருந்தது ஆல்பனியில். ஹேஸன் மண்ணிலிருந்து நுண்ணுயிர்களை வளர்த்துத் தபாலில் அனுப்புவார். பிரவுன் அதிலிருந்து வேதிப்பொருளைப் பிரித்துத் திருப்பித் தபாலில் அனுப்புவார். இப்படிக் கண்ணாடி ஜாடிகள் போய்ப் போய் வந்துதான் 1950 இல் நிஸ்டாட்டின் பிறந்தது. வர்ஜீனியாவில் ஹேஸனின் நண்பர் ஒருவருடைய பண்ணை மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து வந்த மருந்து அது. நியூயார்க் ஸ்டேட் என்பதன் சுருக்கம்தான் பெயர். காப்புரிமையிலிருந்து வந்த ராயல்டி 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல். இருவரும் அதில் ஒரு டாலர் கூட எடுத்துக்கொள்ளாமல் முழுவதையும் அறிவியல் ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். காமர்ஸ் வகுப்பில் காப்புரிமை என்ற பாடம் வரும்போது இந்த உதாரணத்தையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

1955 இல் வெனிசுலாவின் ஒரினோகோ ஆற்றங்கரை மண்ணிலிருந்து ஸ்குவிப் நிறுவனத்தார் ஆம்போடெரிசின் பி என்ற மருந்தை எடுத்தார்கள். நாட்டாமைசினும் அதே ஆண்டுதான். மூன்றும் ஒரே குடும்பம், பாலியீன் என்று பெயர். பூஞ்சையைக் கொல்கின்றன, பாக்டீரியாவைத் தொடுவதில்லை. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

1958 இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டேவிட் கோட்லீப் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். பூஞ்சை வளரும் கரைசலில் பாலியீன் மருந்தோடு ஸ்டிராலையும் சேர்த்தார்கள். பூஞ்சை சாகவில்லை! மருந்து, வெளியே மிதந்த ஸ்டிராலைப் பிடித்துக்கொண்டு பூஞ்சையை விட்டுவிட்டது. அப்படியானால் மருந்து தேடிப் போவது ஸ்டிராலைத்தான் என்று தெரிந்தது. பெரும்பாலான பாக்டீரியாக்களின் சவ்வில் ஸ்டிரால் கிடையாது. அதனால்தான் அவை தப்பித்தன. ஆம்போடெரிசின் சவ்வில் ஓட்டை போடுகிறது, உள்ளே இருப்பது கசிந்து பூஞ்சை சாகிறது என்றுதான் பாடப்புத்தகங்கள் ரொம்ப காலம் சொல்லிவந்தன. 2014 இல் அதே இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் பர்க் குழு வேறு விதமாகச் சொன்னது. ஓட்டை இரண்டாம் பட்சம், மருந்து பஞ்சு போல வெளியே உட்கார்ந்துகொண்டு சவ்விலிருந்து எர்கோஸ்டிராலை உறிஞ்சி எடுத்துவிடுகிறது, பூஞ்சை சாவது அதனால்தான் என்றது.

ஆனால் தம்பியைத் தேடிப் போகிறவன் சில நேரம் அண்ணனையும் அடித்துவிடுகிறான். ஆம்போடெரிசின் ஓரளவுக்குக் கொலஸ்ட்ராலையும் பிடிக்கும். அதனால் காய்ச்சல், குளிர் நடுக்கம், சிறுநீரகப் பாதிப்பு. மயிரிழை வித்தியாசத்தை நம்பினால் அதற்கு இப்படி ஒரு விலை உண்டு.

இந்த இடத்தில் இந்தியா உள்ளே வருகிறது. பெனிசிலின் தயாரிக்க 1954 இல் அரசு புனே பக்கத்தில் பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் எம்.ஜே. திருமலாச்சார். அடிப்படையில் பூஞ்சை இயல் படித்தவர், பயிர் நோய்கள் அவருக்கு அத்துப்படி. பிம்ப்ரி மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1961 இல் அவர் குழு ஹாமைசின் என்ற மருந்தை எடுத்தது. அந்த நுண்ணுயிருக்கும் ஊர்ப் பெயரிலேயே ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிம்ப்ரினா என்று பெயர் வைத்தார்கள். ஹாமைசின், ஆம்போடெரிசினுக்கு நெருங்கிய சொந்தம். 1964 இல் ஆரியோஃபஞ்சின் வந்தது. இது மனிதனுக்கு அல்ல, செடிக்கு. செடி இதை உறிஞ்சித் தனக்குள் ஏற்றிக்கொள்ளும் என்பதுதான் இதன் சிறப்பு.

அது தமிழ்நாட்டுத் தென்னைக்கு வந்து சேர்ந்தது. 1952 புயலுக்குப் பிறகு தஞ்சாவூர்க் கடலோரத்தில் தென்னை மரங்கள் அடித்தண்டில் செம்பழுப்பு நீர் கசிந்து வாடத் தொடங்கின. தஞ்சாவூர் வாடல் நோய் என்று பெயர் வந்தது. காரணம் கானோடெர்மா என்ற பூஞ்சை. மரத்தின் மேலே மருந்து அடித்துப் பயனில்லை, நோய் உள்ளே இருக்கிறது. அதனால் பென்சில் கனத்தில் ஒரு நல்ல வேரைத் தேடி, நுனியைச் சாய்வாகச் சீவி, 2 கிராம் ஆரியோஃபஞ்சின்-சால், 1 கிராம் மயில்துத்தம், 100 மில்லி தண்ணீர் கலந்த பாலித்தீன் பையில் அந்த வேரை விட்டுக் கட்டச் சொன்னது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். மரத்துக்கு குளுக்கோஸ் ஏற்றுவது மாதிரி! இதே வேலைக்குச் சொன்ன இன்னொரு மருந்து ட்ரைடெமார்ஃப். அது எர்கோஸ்டிராலைப் பிடிக்காது, பூஞ்சை அதைத் தயாரிக்க முடியாமல் செய்துவிடும். (2018 இல் மத்திய அரசு ட்ரைடெமார்ஃபைத் தடை செய்துவிட்டது.) ஒரு தென்னை வேரில் கட்டிய பைக்குள்ளும் நடந்தது அதே கொழுப்பின் மீதான சண்டைதான்.

பிம்ப்ரி நிறுவனம் பிற்காலத்தில் நலிவடைந்து, 1990களில் நலிந்த தொழில் நிறுவனங்களின் பட்டியலுக்குப் போய்விட்டது. ஹாமைசினைச் சொந்த மண்ணிலேயே இன்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இது வருத்தமான விஷயம்தான்.

உலகம் அதற்குள் வேறு பாதையில் போயிருந்தது. எர்கோஸ்டிராலைத் தேடிப் பிடிப்பதை விட, அதைத் தயாரிக்கும் நொதியை முடக்குவது எளிது என்று கண்டார்கள். அசோல் மருந்துகள் வந்தன. 1969 இல் க்ளோட்ரிமசோல், பிறகு கீட்டோகோனசோல், ஃப்ளூகோனசோல். படர்தாமரைக்குப் போடும் பவுடர், பொடுகுக்குப் போடும் ஷாம்பூ எல்லாம் இந்த வகை. டெர்பினாஃபின் என்ற மாத்திரை அதே தயாரிப்பு வரிசையில் இன்னும் முன்னாலேயே போய்த் தடுக்கும்.

ஒரு முக்கியமான கிளைக்கதை. எர்கோஸ்டிரால் வகைக் கொழுப்பை வைத்திருக்கும் இன்னொரு உயிர், பூஞ்சையே அல்ல. அது காலா அசார் நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி. 1903 இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் வேலை பார்த்த சார்லஸ் டோனவன் அதைக் கண்டார். அதே ஆண்டில் வில்லியம் லீஷ்மனும் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டார். இருவர் பெயரும் சேர்ந்து லீஷ்மேனியா டோனவனி ஆனது. நூறு ஆண்டுகள் கழித்துப் பீகாரில் அந்த நோய்க்கு எடுபட்டது ஆம்போடெரிசின். ஆனால் சாதாரண ஆம்போடெரிசின் என்றால் 15 முறை நரம்பில் ஏற்ற வேண்டும், ஒரு மாதம் ஆஸ்பத்திரிதான். கூலி வேலைக்காரர் ஒரு மாதம் படுத்தால் வீட்டில் அடுப்பு எரியாது. 2010 இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் ஷியாம் சுந்தர் குழு, மருந்தைக் கொழுப்பு உருண்டைக்குள் வைத்து ஒரே முறை ஏற்றினாலே ஏறக்குறைய அதே அளவு குணமாகிறது என்று காட்டியது. இரண்டு முறையிலும் 95 சதவீதத்துக்கு மேல்.

கொழுப்பு உருண்டை என்பது லிப்போசோம். மருந்தைக் கொலஸ்ட்ராலும் பாஸ்போலிப்பிடும் சேர்ந்த சின்ன உருண்டையில் பொதிந்து அனுப்பினால் சிறுநீரகம் தப்பிக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.கே. பச்சாவத் தொடங்கி வைத்த ஆராய்ச்சியிலிருந்து இந்தியாவுக்கே சொந்தமாக ஒரு லிப்போசோம் ஆம்போடெரிசின் வந்தது.

2021 இல் கொரோனா இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை வந்தபோது இந்த உருண்டையின் மதிப்பு ஊருக்கே தெரிந்தது. மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. ஃப்ளூகோனசோல் அதனிடம் செல்லாது. முதலில் தேட வேண்டியது ஆம்போடெரிசின். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடை உள்ளவருக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்றால் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம். 50 மில்லிகிராம் குப்பி ஆறு. இரண்டு வாரம் என்றாலே 84 குப்பி! நாடு முழுவதும் ஜூலை நடுவில் 45,374 பேருக்கு நோய், 4,332 பேர் மரணம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அதுவரை ஆண்டு முழுக்க விற்பதே கொஞ்சமாக இருந்த ஒரு மருந்துக்கு ஒரே மாதத்தில் இத்தனை தேவை வந்தால் எந்தச் சந்தையும் தாங்காது. ஜூன் 12 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் அந்த மருந்துக்கு இருந்த 5 சதவீத வரியைச் செப்டம்பர் வரை எடுத்துவிட்டது. குப்பி கிடைக்காதவருக்கு வரி எடுத்ததால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றுகிறதுதான்.

மறுபடி கண்ணுக்கு வருவோம். நாட்டாமைசின் பழைய மருந்து, கண்ணுக்குள் ஆழமாக இறங்காது. அதனால் புதிய அசோலான வோரிகோனசோல் மேலாக இருக்கும் என்று பலரும் நினைத்தார்கள். 2010, 2011 ஆண்டுகளில் மதுரை, புதுச்சேரி, கோயம்புத்தூர் அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். 2013 இல் முடிவு வந்தது. ஜெயித்தது பழசு! முக்கியமாக ஃபியூசேரியம் வந்த கண்களில் நாட்டாமைசின் தெளிவாக முன்னால் நின்றது. 2017 இல் உலக சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. கரும்புக் கொல்லையிலிருந்து தவளக்குப்பம் மருத்துவமனைக்கு வருகிறவரின் கண்ணைக் காப்பது இந்த முடிவுதான், அவர் முதல் சில நாட்களை இலைச்சாற்றில் கழிக்காமல் வந்தால். அதை விட மோசம், ஸ்டீராய்டு சொட்டு மருந்தைக் கேட்டு வாங்கிப் போடுவது. சிவப்பு குறையும், பூஞ்சை உள்ளே வளரும்.

இப்போது வயலைப் பாருங்கள். நெல்லின் இலையுறைக் கருகலுக்கு ஹெக்சகோனசோல், மல்லாட்டையின் துரு நோய்க்கும் டிக்கா இலைப்புள்ளிக்கும் டெபுகோனசோல். பெயரின் கடைசியில் கோனசோல் என்று இருக்கிறதே, அவை அனைத்தும் மருந்துக்கடை அசோல்கள் அடிக்கும் அதே நொதியை அடிப்பவை. (நெல் குலை நோய்க்கு அடித்து வந்த ட்ரைசைக்ளசோல் பெயரில் மட்டும்தான் சொந்தம். அது பூஞ்சையின் கருப்பு நிறமியைத் தடுப்பது.) ஆண்டுக்கணக்கில் வயலில் இதைப் பார்த்துப் பழகிய பூஞ்சைக்கு ஆஸ்பத்திரியில் அதே மருந்து புதிதாகத் தெரியாது. 2012 இல் டெல்லியில் அனுராதா சௌத்ரி குழு இந்திய மண்ணிலேயே அசோலுக்கு அடங்காத ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைகளைக் கண்டது. நெதர்லாந்தில் முன்பே கண்டிருந்த அதே மரபணு மாற்றம் அவற்றில் இருந்தது.

தோலிலும் அதே கதை. 2020 இல் ட்ரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று ஒரு படர்தாமரைப் பூஞ்சைக்குப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரிலேயே இந்தியா இருக்கிறது. சாதாரணப் படர்தாமரை இரண்டு வாரத்தில் போகும். இது மாதக்கணக்கில் உடம்பு முழுக்கப் பரவும், டெர்பினாஃபினுக்குப் பல நேரம் மசியாது. எர்கோஸ்டிரால் தயாரிப்பின் ஆரம்பக் கட்டத்தில் வேலை செய்யும் ஒரு நொதியில் ஓரிரு அமினோ அமிலங்களை மட்டும் அது மாற்றிக்கொண்டிருக்கிறது. சீட்டு இல்லாமல் கடையில் வாங்கித் தடவும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை இது இவ்வளவு பரவியதற்கு ஒரு முக்கியக் காரணமாகத் தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். தடவிய இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிடும். அதனால்தான் அந்தக் களிம்பு இன்னும் விற்கிறது.